ஒரே நோய், பல துறை மருத்துவர்கள்: சேலத்து மரபணு ஆலோசனை மையம் ஒன்றின் சேவை

அஸ்தம்பட்டிப் பகுதியில் இயங்கும் தனியார் மரபணு ஆலோசனை மையம் ஒன்றின் சேவையை என் தம்பி குடும்பத்தினர் சென்ற ஆண்டிலிருந்து பயன்படுத்திவருகின்றனர். காகிதங்களும் கட்டணக் கணக்கும் என் பொறுப்பில் இருப்பதால் பெரும்பாலான சந்திப்புகளில் நானும் உடனிருந்தேன். அங்கே கிடைத்த நன்மை பெரிது. குறைகளும் சிறியவை அல்ல. குறைகளுக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு இங்கே இடமில்லை என்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்தில் இத்தகைய சேவையைத் தேடுபவர்கள் எந்த மையத்துக்குச் சென்றாலும் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்கு இந்த மதிப்பீடு உதவலாம்.

தம்பி குடும்பம் ஏற்காட்டில், நாகலூர் பக்கமுள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் வசிக்கிறது. அவன் மகனுக்கு இப்போது 9 வயது. பிறந்தபோது எடை இயல்பாகவே இருந்தது. ஒரு வயதுக்குள் கன்னமும் வயிறும் பருக்கத் தொடங்கின. கொழுகொழு என்று இருக்கிறான் என ஊரே மெச்சியது. பள்ளியில் சேர்ந்த பின் எழுத்துக் கூட்டிப் படிப்பதில் பின்தங்கினான். 7 வயதை ஒட்டி, பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்துப் பாதையில் நடக்க மறுத்து, தாயின் கையை இறுகப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினான். குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதும் அதற்கு முன்பே இருந்தன.

இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருத்துவம் பார்க்கப்பட்டது. எடைக்காகத் தைராய்டு பரிசோதனை எடுத்தார்கள். அது சரியாக இருந்தது. படிப்புக்குத் தனிவகுப்பு வைக்கச் சொன்னார்கள். மாலைக்கண் என்றதும் வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது. வைட்டமின் குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது சரியான மருந்துதான்; விழித்திரையே நலிந்துவரும்போது அதனால் பயனில்லை. தண்ணீர் குடிப்பதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. பார்த்த மருத்துவர்கள் யாரும் அலட்சியமாக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அவரவர் துறைக்கு உரிய உறுப்பை அவரவர் ஒழுங்காகவே பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பிப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் சிக்கல்.

இந்த மையம் தன் கட்டணத்துக்குத் தகுதியானது என்று நான் கருதுவதற்குக் காரணம் அந்த மேசைதான். முன்பதிவு செய்தவுடன், குழந்தை பிறந்ததிலிருந்து உள்ள எல்லா மருத்துவக் காகிதங்களையும் சந்திப்புக்கு முன்னரே அனுப்பச் சொன்னார்கள். துணிக்கடைப் பையில் கிடந்த சீட்டுகள், ஸ்கேன் அறிக்கைகள், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை நாங்கள் வரிசையின்றிப் படமெடுத்து அனுப்பினோம். நேரில் சென்றபோது அவை தேதி வாரியாக அடுக்கப்பட்டு, ஒரு பக்கச் சுருக்கமும் எழுதப்பட்டிருந்தது. ஆலோசகர் முதலில் கேட்டது கண்ணைப் பற்றியோ எடையைப் பற்றியோ அல்ல. குழந்தையின் காலுறையைக் கழற்றச் சொன்னார். இடது பாதத்தில், சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கம், கடுகளவு வெளிறிய தழும்பு ஒன்று இருந்தது. அவன் ஆறு விரலோடு பிறந்தவன். ஆறாவது விரல் கைக்குழந்தைப் பருவத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. அந்த அறுவைச் சிகிச்சைச் சீட்டு வேறொரு மருத்துவமனையுடையது என்பதால், பின்னர் பார்த்த எவரிடமும் அது போய்ச் சேரவில்லை. ஆலோசகர் தழும்பின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரக ஸ்கேன் எப்போதாவது எடுத்ததுண்டா என்று கேட்டார். வாசனை தெரிகிறதா என்றும் கேட்டார். பங்குனி, சித்திரையில் காப்பிப் பூ மணத்தில் தோட்டமே மூழ்கிக் கிடக்கும்போதும் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது அப்போதுதான் அவன் தாய்க்கு உறைத்தது.

நோயின் பெயர் பார்டெட்–பீடில் சிண்ட்ரோம். பாரிஸில் ஜார்ஜ் பார்டெட் 1920ஆம் ஆண்டிலும், பிராகில் ஆர்தர் பீடில் 1922ஆம் ஆண்டிலும் இதை விவரித்தனர். அதற்கு முன்பே 1866ஆம் ஆண்டில் லண்டனில் லாரன்ஸ், மூன் ஆகிய இருவர் இதையொத்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்தனர். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் முதல் 1,60,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் இந்நோய், உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கமோ வெளிக்கலப்புக் குறைவோ உள்ள சமூகங்களில் கூடுதலாக இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அது ஏறத்தாழ 18,000 பேருக்கு ஒருவர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. விழித்திரைச் சிதைவு, கூடுதல் விரல், உடல் நடுப்பகுதியில் பருமன், கற்றல் குறைபாடு, பிறப்புறுப்பு வளர்ச்சிக் குறைவு, சிறுநீரகக் கோளாறு ஆகிய ஆறும் முதன்மை அடையாளங்கள். இவற்றுள் நான்கு இருந்தாலோ, மூன்றுடன் பல் நெருக்கம், பேச்சுத் தாமதம், அதிக தாகம், சர்க்கரை நோய் போன்ற துணை அடையாளங்களில் இரண்டு இருந்தாலோ நோயை உறுதிசெய்யலாம் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல். இந்த அளவுகோலை எங்கள் முன்னிலையிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிக் குறித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. இரத்தம் எடுப்பதற்கு முன்னரே நோயைப் பற்றித் தெளிவான ஊகம் இருந்தது. பரிசோதனை அதை உறுதிசெய்யத்தான்.

கண்ணுக்கும் கால்விரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பசிக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எங்கள் எல்லோருக்கும் இருந்தது. உடலின் பெரும்பாலான செல்களில் சிலியா என்னும் மிக நுண்ணிய இழை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகளைச் செல் வாங்கிக்கொள்வது அதன் வழியாகத்தான். விழித்திரையின் ஒளியுணர் செல்லில் அந்த இழைதான் இரு பகுதிகளையும் இணைக்கும் பாலம். அந்த இழைக்குள் புரதங்களைக் கொண்டுசேர்ப்பதும் வெளியே எடுப்பதும், எட்டுப் புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பின் வேலை. ஆலோசகர் இதைச் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கும் ஆட்களை வைத்து விளக்கினார்: எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒருவர் வராவிட்டாலும் சரக்கு லாரியிலேயே தேங்கிவிடும், கடைக்காரர் ஒவ்வொருவரும் தன் கடையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். தம்பி மண்டிக்கு மிளகு கொண்டுபோகிறவன். அவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்து வம்ச வரைபடம். இங்கேதான் இந்த மையத்தின் தரம் எனக்கு முழுமையாகப் புலப்பட்டது. என் தம்பி மணந்திருப்பது எங்கள் அக்கா மகளை. ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என வரைந்துகொண்டே வந்த ஆலோசகர், தம்பியையும் அவன் மனைவியையும் இணைக்கும் இடத்தில் மட்டும் இரட்டைக் கோடு போட்டார். உறவுத் திருமணத்தைக் குறிக்க உலகெங்கும் பயன்படும் அடையாளம் அதுதான் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அந்த இரண்டு கோடுகளைப் பார்த்ததும் உடன் வந்திருந்த அக்காவின் முகம் மாறிவிட்டது. "என் பொண்ணு பக்கத்துல இருந்து வந்துச்சுங்களா?" என்று கேட்டார். ஆலோசகர் பேனாவை வைத்துவிட்டு, "பக்கம்னு பிரிக்கவே முடியாதுங்கம்மா. ஒரே குடும்பத்து வழியா அப்பாவுக்கும் வந்திருக்கலாம், அம்மாவுக்கும் வந்திருக்கலாம். மாறின மரபணு ஒண்ணு மட்டும் இருந்தா ஒரு தொந்தரவும் இல்லைங்க. குழந்தைகிட்ட ரெண்டும் சேர்ந்தாத்தான் நோய்" என்றார். அதன் பிறகு, இதில் யார் செய்த தவறும் இல்லை என்பதை மூன்று விதமாகச் சொன்னார். சில குடும்பங்களில் இத்தகைய பேச்சு எந்த வேகத்தில் மருமகள் தலையில் போய் விடியும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த நிதானத்தின் அருமை புரியும். எங்கள் வீட்டில் மருமகளே பேத்தி என்பதால் சண்டைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வையுங்கள்.

தாய்மாமன்–அக்கா மகள் மணத்தில் பிறக்கும் குழந்தை, ஏதேனும் ஒரு மரபணுவின் ஒரே மூதாதைப் பிரதியை இரு பெற்றோர் வழியாகவும் பெறும் வாய்ப்பு 8இல் ஒன்று. அத்தை மகன்–மாமன் மகள் மணத்தில் அது 16இல் ஒன்று. பெற்றோர் இருவரும் இந்நோயின் மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று இதற்குப் பொருளில்லை என்பதையும் அவர் வலியுறுத்தினார். அடுத்த குழந்தையைப் பற்றி தம்பி மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டபோது, மரபணு மாற்றம் இன்னது என்று உறுதியாகியிருந்தால் 11 முதல் 13 வாரங்களுக்குள் நச்சுக்கொடித் திசுவையோ, அதன் பின்னர் பனிக்குட நீரையோ எடுத்துப் பரிசோதிக்க முடியும் என்றும், முடிவு முழுக்க அவர்களுடையது என்றும் சொன்னார். இப்படிச் செய், செய்யாதே என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. பங்காளிகளுக்கும் இதில் பங்குண்டு: தம்பியும் அக்காவும் சுமப்பவர்கள் என்றானபோது, அவர்களுடன் பிறந்த நானும் சுமப்பவனாக இருக்கும் வாய்ப்பு சரிபாதி. என் பிள்ளைகளுக்கு உறவில் பெண் பார்க்கும் பேச்சு வந்தால் அதற்கு முன் சோதித்துக்கொள்ளும்படி அறிவுறுத்தினார். நான் சோதித்துக்கொண்டேன்.

பரிசோதனை எக்ஸோம் என்னும் விரிவான வகை; மரபணுக்களில் புரதங்களுக்கான பகுதிகளை எல்லாம் ஒரே முறையில் படித்துப் பார்ப்பது. இந்நோய்க்குக் காரணமான மரபணுக்கள் 20க்கும் மேற்பட்டவை என்பதால் ஒவ்வொன்றாகத் தேடுவதைவிட இதுவே சிக்கனம் என்றார்கள். சிக்கனம் என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தியதை மட்டும் நான் மறக்கவில்லை. கட்டணம் 20,000 ரூபாயைத் தாண்டியது. பெற்றோர் இருவருக்குமான உறுதிப்படுத்தும் சோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கேட்ட பிறகுதான் கட்டணப் பட்டியல் வெளியே வந்தது. மரபணு மாற்றங்களை நோய் உண்டாக்குபவை முதல் தீங்கற்றவை வரை ஐந்து வகையாகப் பிரிப்பதும், நடுவில் பொருள் உறுதியாகாதவை என்ற வகை ஒன்று இருப்பதும் எங்களுக்கு முன்கூட்டியே விளக்கப்பட்டன. ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகும் அந்த நடுவகை முடிவு வரக்கூடும் என்று பணம் வாங்குவதற்கு முன்னர் சொன்ன நேர்மைக்கு முழு மதிப்பெண் தரலாம். எங்களுக்குத் தெளிவான முடிவே வந்தது.

ஆனால் அந்த முடிவு ஒரு தடித்த ஆங்கில அறிக்கையாக வந்தது. தமிழில் ஒரு பக்கம்கூட இல்லை. ஆலோசகர் வாய்மொழியாக அருமையாக விளக்கினார் என்பது உண்மையே. ஆனாலும் வீட்டுக்குப் போய் மறுபடி படிக்கவும் ஆசிரியரிடம் காட்டவும் ஒரு தாள் வேண்டாமா? அவர் வாரத்தில் சில நாட்களே இருப்பார். மற்ற நாட்களில் வாட்ஸாப்பில் கேள்வி அனுப்பினால், யாரோ ஒருவர் வணக்கம் சொல்லி, சந்திப்புக்கு முன்பதிவு செய்யும்படி பதில் அனுப்புகிறார். அந்தப் பதிலுக்கு மரபணு ஆலோசனை மையம் எதற்கு என்று தெரியவில்லை.

கட்டடமும் சரியில்லை. மாலைக்கண் உள்ள குழந்தைகள் வருகின்ற இடத்தில், மாடிப்படி முழுவதும் கரும்பழுப்புக் கல் பதித்து, விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டைகூட ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். திருப்பத்தில் ஒற்றை விளக்கு. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் எங்கள் பையன் முதல் படியிலேயே நின்று காலால் துழாவினான். இதைச் சொன்னபோது வரவேற்பில் இருந்தவர் குறித்துக்கொண்டார். அடுத்த முறை சென்றபோதும் படி அப்படியேதான் இருந்தது. சந்திப்பு நேரமும் பெரும்பாலும் மாலையில்தான் தருகிறார்கள். முடிந்து வெளியே வந்து, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஒண்டிக்கடை என்னும் இடத்தில் இறங்கி, அங்கிருந்து தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பையனுக்கு உலகம் முற்றிலும் அணைந்திருக்கும். காலை நேரம்தான் வேண்டும் என்று அழுத்திக் கேட்டால் தருகிறார்கள், கேட்காதவர்களுக்கு இல்லை.

உணவு ஆலோசனை இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி. இந்நோயில் பசி அடங்காமை என்பது மனக் கட்டுப்பாடு இல்லாததால் வருவதன்று. மூளையில் பசியை ஆளும் பாதையிலேயே குறை இருக்கிறது. இதை மரபணு ஆலோசகர் தெளிவாகச் சொன்னார். அடுத்த அறையிலிருந்த உணவு ஆலோசகரோ ஓட்ஸ், ப்ராக்கோலி, ஆலிவ் எண்ணெய் என்று அச்சிட்ட தாள் ஒன்றை நீட்டினார். ராகிக்களி எவ்வளவு தரலாம், கம்பங்கூழுக்கு மோர் சேர்க்கலாமா, வாரச் சந்தைக்குப் போனால் தட்டுவடை செட் கேட்டு அழுபவனை என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் இடமில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும், செட்டில் பீட்ரூட்டும் கேரட்டும் இருப்பதால் ஒன்று தரலாம் என்று சிரித்துக்கொண்டே விடை சொன்னார். அவர் சொன்னதிலேயே எங்கள் வீட்டுக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

இத்தனைக்கும் பிறகு நான் இந்தச் சேவையைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அறிக்கையுடன் அவர்கள் தந்த ஆண்டுக் கண்காணிப்பு அட்டவணை. இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு, சர்க்கரை, கொழுப்பு, கண், பல், எடை ஆகியவற்றை எப்போது, எந்தத் துறையில் பார்க்க வேண்டும் என்று ஒரே தாளில் இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவருக்கும் தனியே ஒரு கடிதமும் இருக்கிறது. பார்டெட்–பீடில் நோயாளிகளின் உயிருக்குப் பெரிய ஆபத்து கண்ணால் அல்ல, சிறுநீரகத்தால்தான் வருகிறது. எங்கள் பையனின் தாகத்துக்குக் காரணம் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைந்திருப்பது என்று சிறுநீரக மருத்துவர் இப்போது கண்டறிந்திருக்கிறார். அவர் முதன்முதலாகப் பையனைப் பார்த்ததே இந்தக் கடிதத்தைக் கொண்டுபோனதால்தான்.

சிகிச்சையைப் பற்றி அவர்கள் பொய் நம்பிக்கை தரவில்லை. இந்நோயால் வரும் பருமனுக்கு செட்மெலனோடைடு என்னும் ஊசி மருந்தை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022ஆம் ஆண்டில் அங்கீகரித்திருக்கிறது. நாள்தோறும் போட வேண்டியது. விலை எங்களைப் போன்றவர்கள் நினைத்தும் பார்க்க முடியாதது. கண்ணுக்கு அதனால் பயனில்லை. 2017ஆம் ஆண்டில் அங்கே அங்கீகாரம் பெற்ற விழித்திரை மரபணு சிகிச்சையைப் பற்றித் தம்பி எங்கோ பார்த்துவிட்டுக் கேட்டான். அது வேறொரு மரபணுவின் கோளாறுக்கு மட்டுமே உரியது என்று உடனே தெளிவுபடுத்தினார்கள். பலருக்குப் பதின்ம வயதிலேயே பார்வை பெருமளவு குறைந்துவிடுவதால், பார்வை இருக்கும்போதே வெள்ளைக் கோல் பயிற்சியையும் பிரெயிலையும் தொடங்கச் சொன்னார்கள். கேட்பதற்குக் கடினமான பேச்சுதான். தள்ளிப்போடாமல் சொன்னது நல்லது.

அரசு வழிகளைப் பற்றி மட்டும் ஏனோ வாய் திறக்கவில்லை. பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளின் பிறவிக் குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிய 2013ஆம் ஆண்டு முதல் தேசியச் சிறார் நலத் திட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அதன்கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்களில் கண், காது, பல், பேச்சு, உளவியல் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று மருத்துவச் சான்று கிடைத்தால் அடையாள அட்டையும் அதைச் சார்ந்த சலுகைகளும் கிடைக்கும். தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் பெறலாம். இவற்றையெல்லாம் பையனின் பள்ளி ஆசிரியை ஒருவர்தாம் எங்களுக்குச் சொன்னார். குழந்தைக்கு ஒரே உறுப்பில் குறை என்றால் அரசு மையத்திலேயே தொடங்கலாம். தனியாரிடம் இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. உடலின் வெவ்வேறு பகுதிகளில் தொடர்பில்லாததுபோல் மூன்று நான்கு குறைகள் தெரிந்து, எந்த மருத்துவரும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை என்றால், குடும்பத்தில் உறவுத் திருமணமும் இருந்தால், இத்தகைய மையத்தின் முதல் சந்திப்புக்கு மட்டுமாவது பணம் செலுத்துவது வீண் போகாது. முதல் சந்திப்பின் கட்டணம் தனி. பரிசோதனைக்கு அன்றே சம்மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

செல்பவர்கள் பிரசவ மருத்துவமனைச் சீட்டையும், குழந்தைப் பருவத்தில் நடந்த சிறு அறுவைச் சிகிச்சைகளின் சீட்டுகளையும் தேடி எடுத்துச் செல்ல வேண்டும். இரு பக்கத்துப் பாட்டிகளில் ஒருவரையேனும் அழைத்துச் செல்வது நல்லது. யாருக்கு யார் எந்த முறை என்ற கணக்கு அவர்களுக்குத்தான் பிசகாமல் தெரியும். கையெழுத்துப் போடும் முன், தேடாத வேறு நோய்கள் தெரியவந்தால் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி ஒப்புதல் படிவத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் குறியிட வேண்டாம். பரிசோதனையின் மூலத் தரவைக் கேட்டால் கொடுக்கிறார்கள். கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் பின்னாளில் வேறு மருத்துவரிடம் மறு ஆய்வுக்குக் கொடுக்கலாம். வாகனம் நிறுத்த இடமில்லை.